வடிகலமும் அளவுகோலும்

யாழ்ப்பாணத்து நாளேடுகளைப் புரட்டுவோர், நீதிமன்றச் செய்திகளுக்கிடையே ஒரே வகையான நான்கு வரிச் செய்தியை அடிக்கடி காண்பர். இத்தனை போத்தல் கசிப்பை உடைமையில் வைத்திருந்தமைக்காக இன்ன கிராமத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இத்தனை ரூபா தண்டம். தண்டம் கட்டுபவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளியாகவோ, கணவனை இழந்த பெண்ணாகவோ இருப்பார். அதே நாளேட்டின் வணிகப் பக்கத்தில் பெரிய மதுபானக் கம்பனியொன்றின் ஆண்டு இலாபம் புள்ளிவிபரங்களோடு வெளிவந்திருக்கும். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குவோர் மிகச் சிலரே.

இரண்டிலும் நிகழும் இரசாயனச் செயல் ஒன்றேயாகும். இனிப்புடைய நீர் புளிக்கிறது. புளித்த நீர் கொதிக்கிறது. எழுந்த ஆவி குளிர்ந்து வடிகிறது. ஒன்றைக் குற்றமென்றும் மற்றதைக் கைத்தொழிலென்றும் பிரித்து வைப்பது அனுமதிப்பத்திரம் என்ற ஒரு கடதாசி. கசிப்பு பல வேளைகளில் உயிர்கொல்லும் நஞ்சாக முடிவதும், மது உழைப்பாளரின் குடும்பங்களைச் சிதைப்பதும் மறுக்க முடியாத உண்மைகள். மதுவுக்காக வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தக் கடதாசியைப் பெறத் தக்கவர் யார், பெற முடியாதவர் யார் என்பதை வரலாற்றில் எது தீர்மானித்து வந்தது என்பதே நம் கேள்வி. மக்களின் நலமா, பொருளின் தூய்மையா, அல்லது இவற்றுக்குப் புறம்பான வேறொன்றா?

இக்கேள்வியை ஆராய ஸ்கொத்லாந்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1780ஆம் ஆண்டுக்கும் 1830ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில், அந்நாட்டின் மேட்டுநில உழவரிடையே நிலவிய சிறு வடிதொழில் சட்டத்தின் துணைகொண்டு எவ்வாறு அழிக்கப்பட்டது என்பது, மதுவரியின் இயல்பை விளக்கும் சிறந்த பாடமாகும்.

உழவனின் துணைத்தொழில்

ஸ்கொத்லாந்தில் தானியத்திலிருந்து மது வடித்தமைக்கான மிகப் பழைய எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டுக்குரியது. அரச திறைசேரிக் கணக்கில், ஜோன் கோர் என்னும் துறவிக்கு 'உயிர்நீர்' செய்வதற்காக முளைத்தானியம் வழங்கப்பட்ட செய்தி பதிவாகியுள்ளது. மடங்களில் மருந்தாகத் தொடங்கிய இக்கலை, காலப்போக்கில் உழவர் குடிசைகளுக்குப் பரவிற்று. பதினெட்டாம் நூற்றாண்டளவில் மேட்டுநிலப் பள்ளத்தாக்குகளில் அது உழவு வாழ்வின் பிரிக்க முடியாத ஓர் அங்கமாகி விட்டது.

அதன் செய்முறை எளிதுதான். ஆயின் நாள்கள் பல வேண்டும். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, தரையிற் பரப்பி முளைவிடச் செய்வர். முளைத்த தானியத்தைச் சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணின் தீயில் வாட்டுவர். அப்புகையின் மணமே விஸ்கியின் தனி மணமாயிற்று. வாட்டிய தானியத்தை அரைத்து வெந்நீரிற் கரைத்தால் இனிப்புச் சாறு கிடைக்கும். அதனைப் புளிக்கவைத்து, செப்பு வடிகலத்தில் இட்டு இருமுறை வடிப்பர். ஆவி செல்லும் சுருட்குழாய் ஓடைநீரில் அமிழ்ந்திருக்கும். கருவிகள் அனைத்திலும் விலைகூடியது அந்தச் செப்புச் சுருட்குழாயே. எதிரி வருகிறான் என்றால் வேறெதனை விட்டோடினாலும் அதனை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவர்.

இத்தொழிலின் பொருளாதாரம் நுணுகி நோக்கத் தக்கது. மேட்டுநில உழவன் நிலப்பிரபுவுக்குக் குத்தகையைப் பணமாகக் கட்டவேண்டியவன். அவன் விளைத்த வாற்கோதுமையைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல நல்ல பாதைகள் இல்லை. பல குதிரைகள் சுமக்க வேண்டிய தானியத்தை மதுவாக மாற்றினால் ஒரு குதிரையே சுமந்து செல்லும். விலையும் கூடக் கிடைக்கும். வடித்து எஞ்சிய சக்கை, புல் இல்லாத பனிக்காலத்தில் மாடுகளுக்குத் தீனியாயிற்று. அறுவடை முடிந்தபின் கைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் தொழில் நடந்தது. பெண்களும் அதிற் பெரும் பங்கு கொண்டனர். சுருங்கச் சொன்னால், அது உழவையும் மாடுவளர்ப்பையும் குத்தகையையும் ஒன்றோடொன்று பிணைத்த பருவகாலத் துணைத்தொழில். இந்தப் 'பருவகாலம்' என்ற சொல்லை வாசகர் மனதில் இருத்திக் கொள்ளுதல் வேண்டும். சட்டம் பின்னர் முறித்தது இதனையே.

வீட்டுத் தேவைக்காக வடித்தல் நெடுங்காலம் குற்றமாகக் கருதப்படவில்லை. ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் 1644ஆம் ஆண்டிலேயே மதுவுக்கு வரி விதித்ததாயினும், சொந்தத் தானியத்தை விற்பனைக்கன்றி வடித்துக் கொள்ளும் உரிமை மக்களிடம் இருந்தது. 1779இல் வீட்டு வடிகலத்தின் அளவு இரண்டு கலனாகக் குறுக்கப்பட்டது. கலன் என்பது ஏறக்குறைய நான்கு லீற்றர். இரண்டு கலன் கொள்ளும் பாத்திரம் சமையற் பானையிலும் பெரிதன்று. 1781இல் அந்த உரிமையும் முற்றாகப் பறிக்கப்பட்டது. நேற்றுவரை வழக்கமாயிருந்த செயல் மறுநாட் காலையிற் குற்றமாயிற்று. செய்தவர் மாறவில்லை, செய்த பொருளும் மாறவில்லை.

சலுகை பெறுவோர் சலுகை பெற்றே வந்தனர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் தகும். கல்லொடன் பிரபுவான டங்கன் ஃபோர்ப்ஸின் குடும்பம், அரசின் பக்கம் நின்றமையால் அடைந்த சேதத்துக்கு ஈடாக 1690இல் தன் பெரிந்தொஷ் நிலத்தில் பெரும்பாலும் வரியின்றி வடிக்கும் உரிமையைப் பெற்றது. 1784இல் அவ்வுரிமை நீக்கப்பட்டபோது அக்குடும்பத்துக்கு நட்டஈடாகக் கிடைத்த தொகை இருபதாயிரம் பவுணுக்கு மேல். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டு வடிகலத்தை இழந்த உழவனுக்கு நட்டஈடு என்ற பேச்சே எழவில்லை.

கலனுக்கு வரி

1784ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கொத்லாந்தை ஒரு கோட்டினால் இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்கு வடக்கே மேட்டுநிலம், தெற்கே தாழ்நிலம். மேட்டுநிலத்தில் வடிப்போர் தம் வடிகலத்தின் கொள்ளளவில் கலன் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு பவுண் செலுத்தவேண்டும். சிறிய கலத்தையே பயன்படுத்தவேண்டும். உள்ளூர்த் தானியத்தையே வடிக்கவேண்டும். கோட்டைத் தாண்டி விற்கலாகாது. மேலெழுந்த நோக்கில் இது சிறியோனுக்குக் காட்டிய சலுகை போலத் தோன்றும். உள்ளே புகுந்து பார்த்தாலோ வேறு கதை தெரியும்.

வரி, வடித்த மதுவுக்கன்று. வடிகலத்தின் கொள்ளளவுக்கு, அதுவும் ஆண்டு முழுமைக்கும். ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே வடிக்கும் உழவன், பன்னிரண்டு மாதங்கள் வடிப்பவன் செலுத்தும் அதே தொகையைச் செலுத்தவேண்டும். இரவும் பகலும் அடுப்பணையாது வடிப்பவனுக்கு அவ்வரி ஒரு போத்தலுக்குச் சில காசுகளாய்ச் சுருங்கிவிடும். சட்டப் புத்தகத்தில் இருவருக்கும் ஒரே விகிதம். அடுப்பங்கரையில் இருவருக்கும் இரு வேறு வரிகள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் முதலாளித்துவக் கோட்பாட்டின் உள்ளியல்பு இதனினும் தெளிவாக வெளிப்படும் இடம் அரிது.

தாழ்நிலத்திலும் 1786 முதல் இதே முறை புகுத்தப்பட்டது. அங்கு கலனுக்கு ஒன்றரைப் பவுணாகத் தொடங்கிய கட்டணம் 1788இல் 3 பவுண், 1793இல் 9 பவுண், 1797இல் 54 பவுண் என ஏறிற்று. 1793 என்பது பிரித்தானியா புரட்சிப் பிரான்சோடு போர் தொடங்கிய ஆண்டு என்பதை நினைவு கூர்ந்தால் இவ்வேற்றத்தின் காரணம் விளங்கும். பிரான்சிய மக்களின் புரட்சியை ஒடுக்குவதற்கான பீரங்கிகளின் செலவு ஸ்கொத்லாந்தின் வடிகலங்களிலிருந்தும் கறக்கப்பட்டது. மக்களின் ஒழுக்கத்தைக் காக்கவே வரி என்று கூறியோர், அந்த ஒழுக்கம் போர்க்காலத்தில் மட்டும் ஏன் ஆறு மடங்கு விலையேறிற்று என்பதற்கு விடை கூறவில்லை.

தாழ்நிலத்துப் பெருமுதலாளிகள் இதற்கு ஒரு தந்திரம் கண்டனர். வரி கொள்ளளவுக்குத்தானே? ஆகவே வடிகலத்தைத் தட்டுப்போல் ஆழமின்றி அகலமாக அமைத்தனர். முன்னர்ப் பல மணி நேரம் பிடித்த வடிப்பு சில நிமிடங்களில் முடிந்தது. ஒரு நாளில் எண்ணற்ற தடவைகள் கலத்தை நிரப்பி வடித்தனர். அரசு கட்டணத்தை உயர்த்த உயர்த்த, அவர்கள் வேகத்தைக் கூட்டினர். வேகமாக வடித்த மது தொண்டையை எரிக்கும் கரடான மதுவாயிற்று. ஆக, சட்டத்துக்கமைந்த பண்டம் தரங்கெட்டதாகவும், மேட்டுநிலத்து உழவன் ஒளித்து மெதுவாக வடித்த பண்டம் தரமானதாகவும் அமைந்தன. தரத்தைக் காப்பது சட்டமே என்ற கூற்றை வரலாறு இங்குத் தலைகீழாக்கிக் காட்டுகிறது.

பெருமுதலாளிகளும் தமக்குள் பொருதிக்கொண்டனர் என்பது உண்மையே. இலண்டன் சந்தையில் நுழைந்த ஸ்ரெயின், ஹெய்க் குடும்பத்தாரின் வடிசாலைகள், இங்கிலாந்து வடிசாலைக்காரரின் நெருக்குதலால் இயற்றப்பட்ட சட்டத்தினால் 1788இல் நொடித்தன. ஆயினும் நொடித்த பெருமுதலாளி மீண்டும் எழுந்தான். மேட்டுநில உழவனுக்கு எழுவதற்கு ஊன்றுகோல் ஏதுமில்லை.

ஐந்நூறு கலன்

இவ்வரலாற்றின் உச்சம் 1814ஆம் ஆண்டுச் சட்டம். மேட்டுநிலத்தில் 500 கலனுக்குக் குறைந்த கொள்ளளவுடைய வடிகலம் வைத்திருக்கலாகாது என அது விதித்தது. அதிகாரிகள் கூறிய நியாயம் இதுதான்: சிறு கலங்களை ஒளித்தல் எளிது; ஆயிரம் சிறு கலங்களைக் காவல் செய்ய ஆயிரம் அதிகாரிகள் வேண்டும்; பெரிய கலம் ஒன்றைக் காக்க ஒருவர் போதும். நிருவாகத்தின் வசதியே நீதியாகிவிட்டது.

மேட்டுநிலத்தவரான கேணல் டேவிட் ஸ்ரூவர்ட், 1822இல் வெளியிட்ட நூலில் இச்சட்டத்தின் பேதைமையைச் சுட்டிக்காட்டினார். 500 கலன் வடிகலத்துக்குத் தீனி போடுவதற்கு, அக்கோட்டுக்குள் அடங்கிய மிகப் பரந்த மாவட்டத்தில் உண்பதற்குப் போக எஞ்சும் தானியம் முழுவதுமே போதாது என்பது அவர் வாதம். அவர் புரட்சியாளரல்லர்; நிலவுடைமை வகுப்பைச் சேர்ந்தவர். அவர் கண்ணுக்கே தெரிந்த உண்மை இலண்டன் பாராளுமன்றத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டப்படி வடிக்கலாம் என்ற கதவு திறந்தே இருந்தது. ஆயின் அக்கதவின் உயரம் யானைக்காக அமைக்கப்படவில்லை. யானையைத் தவிர வேறெதுவும் நுழையக் கூடாதென்று அமைக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1816இல், குறைந்தபட்ச அளவு 40 கலனாகக் குறைக்கப்பட்டது, கோடும் நீக்கப்பட்டது. கள்ள வடிப்பு கட்டுக்கடங்காது பெருகியமையே இப்பின்வாங்கலின் காரணம். சட்டம் மக்களை ஒடுக்கிற்று என்பது வரலாற்றின் ஒரு பாதி. மக்கள் பணியாமையால் சட்டம் தன் அளவுகோலை மாற்ற நேர்ந்தது என்பது மறுபாதி.

அதிகாரியும் நீதவானும்

மதுவரி அதிகாரியை மக்கள் வெறுத்தனர். ஆயின் அவனும் பெரும்பாலும் ஏழ்மையிலிருந்து வந்தவனே. மக்கள் கவிஞர் றொபேட் பேர்ண்ஸின் வாழ்வு இம்முரண்பாட்டின் உருவம் எனலாம். 1786இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதைத் தொகுதியில், ஸ்கொத்லாந்தின் சிறு வடிதொழிலை நசுக்கும் வரிகளைக் கண்டித்து அந்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினருக்கு முறையிடும் பாடல் ஒன்று உண்டு. மூன்றே ஆண்டுகளின் பின், விளையாத நிலத்தோடு போராடிச் சலித்த அக்கவிஞர், ஆண்டுக்கு ஐம்பது பவுண் சம்பளத்தில் மதுவரி அதிகாரியானார். வாரத்துக்கு இருநூறு மைல் குதிரையேறித் திரிந்து, தம்மையொத்த உழவரின் பானைகளை அளந்தார். 1796இல் முப்பத்தேழு வயதில் மாண்டார். அரசு, கவிஞனின் வறுமையையும் தன் கருவியாக்கிக் கொண்டது.

அபர்டீன் பகுதியில் கள்ள வடிப்போரை நடுங்கவைத்த மல்கம் கில்லெஸ்பி என்னும் அதிகாரியின் முடிவு இன்னும் கொடியது. உளவு சொல்வோருக்குத் தன் கைப்பணத்தையே கொடுத்துக் கடனில் மூழ்கிய அவர், பணப்பத்திர மோசடிக் குற்றத்துக்காக 1827இல் தூக்கிலிடப்பட்டார். காடுமேடெல்லாம் அலைந்து அரசின் வருவாயைக் காத்தவனுக்கு அரசு கொடுத்த ஓய்வூதியம் அதுவாயிற்று.

மறுபுறம், பிடிபட்டோர் நிறுத்தப்பட்ட மன்றுகளில் சமாதான நீதவான்களாக வீற்றிருந்தவர்கள் உள்ளூர் நிலப்பிரபுக்கள். நெடுங்காலம் அவர்கள் மிகக் குறைந்த தண்டமே விதித்தனர். கருணையினாலன்று. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் அவர்களுடைய குத்தகைக்காரன். கள்ள மதுவின் காசுதான் குத்தகையாக அவர்கள் பெட்டிக்கு வந்தது. அவனைச் சிறையிலிட்டால் குத்தகை நின்றுவிடும். வரலாற்றாசிரியர் ரி. எம். டிவைன் 1970களில் எழுதிய ஆய்வொன்றில் நிலப்பிரபுக்களின் இந்த நலனை எடுத்துக்காட்டியுள்ளார்.

அரசனே இதற்கு விதிவிலக்கல்லன். 1822 ஓகஸ்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது கிளென்லிவெற் பள்ளத்தாக்கின் விஸ்கியையே விரும்பிக் கேட்டார் என்றும், தம் வீட்டிலிருந்தே அது அனுப்பப்பட்டதென்றும் எலிசபெத் கிராண்ட் என்னும் சீமாட்டி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அக்காலத்துக் கிளென்லிவெற் விஸ்கி கள்ள விஸ்கி. எந்த மன்னரின் பெயரால் உழவனின் வடிகலம் உடைக்கப்பட்டதோ அந்த மன்னரின் கிண்ணத்தில் அதே வடிகலத்தின் மது இருந்தது.

1823ஆம் ஆண்டின் சமரசம்

1815இல் போர் முடிந்தது. தானியத்தின் விலையும் மாட்டின் விலையும் வீழ்ந்தன. நிலப்பிரபுக்களின் கணக்கு மாறிற்று. சிறு குத்தகைக்காரர் நூறு பேரிலும், செம்மறி வளர்க்கும் பெரும் குத்தகைக்காரர் ஒருவரே இலாபகரமானவர் என்று அவர்கள் கண்டனர். தரமான மதுவைச் சட்டப்படி வடிக்க வழிசெய்தால் கள்ள வடிப்பை ஒழிக்கத் தாம் துணைநிற்பதாகக் கோர்டன் கோமகன் போன்ற பெருநிலக்காரர் அரசுக்கு உறுதியளித்தனர். நேற்றுவரை அத்தொழிலின் காசில் வாழ்ந்தவர்களே இன்று அதன் எதிரிகளாயினர். புதிய குத்தகைப் பத்திரங்களில், கள்ளமாக வடிப்பவன் நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவான் என்ற வாசகம் இடம்பெறலாயிற்று.

இப்பின்னணியில் எழுந்ததே 1823ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம். ஆண்டுக் கட்டணம் 10 பவுண். வடிகலம் 40 கலனுக்குக் குறையலாகாது. வரி முன்பிருந்ததின் பாதிக்கும் கீழே. அதுவும் கொள்ளளவுக்கன்றி வடித்த மதுவுக்கே. பழைய சட்டங்களோடு ஒப்பிட இது முன்னேற்றமான சட்டம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சட்டப்படியான வடிசாலைகளின் தொகை இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கு மேலாயிற்று. 1823இல் ஏறக்குறைய 14,000 ஆக இருந்த கள்ள வடிப்புக் கண்டுபிடிப்புகள் 1834இல் 692 ஆகவும், 1874இல் வெறும் ஆறாகவும் குறைந்தன. நூல்கள் பலவும் இவ்வெண்களைக் கூறி, அறிவார்ந்த சட்டம் குற்றத்தை வென்றது என்று கதையை முடித்துவிடும்.

ஆயின் அவ்வாறு கள்ளமாக வடித்தோர் எங்கே போயினர்? அவர்களெல்லாம் அனுமதிப்பத்திரம் பெற்ற வடிசாலைக்காரராக மாறினரா? அது இயலக்கூடியதன்று. பத்துப் பவுண் கட்டணம் செலவின் தொடக்கம் மட்டுமே. நாற்பது கலன் செப்புக் கலம் வேண்டும், கட்டடம் வேண்டும், முளைத்தானியத்தைக் கையிருப்பில் வைக்கப் பணம் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அதிகாரிக்கு முன்னறிவித்தல் வேண்டும், கணக்கேடு எழுதவேண்டும். வடிந்துவரும் மதுவை வடிப்பவனே தொட முடியாதபடி பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது பாயவேண்டும். திறப்பு அதிகாரியின் கையில். மது விற்று முடியுமுன்பே வரிக்கு ரொக்கம் திரட்ட வேண்டியவன், கடன்பெறும் வசதியில்லாதவனாயின் முதற் பருவத்திலேயே மூழ்கிவிடுவான். சட்டம் பருவகாலத் துணைத்தொழிலை அனுமதிக்கவில்லை. முதலீட்டுத் தொழிலையே அனுமதித்தது.

1824இல் கிளென்லிவெற்றில் அனுமதிப்பத்திரம் பெற்ற ஜோர்ஜ் ஸ்மித் வெற்றிபெற்றார். அவர் கோர்டன் கோமகனின் குத்தகைக்காரர். கோமகனின் ஆதரவு அவருக்கு இருந்தது. அண்டை உழவர் அவருடைய வடிசாலையைக் கொளுத்திவிடுவதாக அச்சுறுத்தினர். அபர்லோர் நிலக்கிழார் அளித்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பிற் செருகிக்கொண்டே அவர் ஆண்டுக்கணக்கில் நடமாடினார். அவரைப் பின்பற்றித் தொடங்கிய வேறு சிலர் அயலவருக்கு அஞ்சித் தொழிலைக் கைவிட்டனர். அச்சுறுத்தியோரின் செயல் நியாயமன்று. எனினும், ஊருக்குப் பொதுவாயிருந்த வாழ்வாதாரம் ஒருவருடைய உடைமையாக மாறும் வேளையில் அண்டை வீட்டான் பகைவனாகிறான் என்ற சமூக உண்மையை அத்துப்பாக்கிகள் உணர்த்துகின்றன.

புரோராவின் சான்று

போனவர் எங்கே போயினர் என்ற கேள்விக்கு விடை, சதர்லாந்தில் உள்ளது. மார்க்ஸ் தம் 'மூலதனம்' முதற் பாகத்தில் உழவர் நிலம் பறிக்கப்பட்ட கதையைக் கூறும்போது சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்தையே சிறப்பாக எடுத்தாள்கிறார். 1814 முதல் 1820 வரை ஏறக்குறைய மூவாயிரம் குடும்பங்களைச் சேர்ந்த பதினையாயிரம் மக்கள் அங்கு வேரோடு பெயர்க்கப்பட்டனர் என்பதும், 1825 அளவில் அவர்களின் இடத்தில் 131,000 செம்மறிகள் மேய்ந்தன என்பதும் அவர் தரும் கணக்கு. வீடுகள் தீயிடப்பட்டன. வெளியேற்றத்தை நடத்திய பற்றிக் செல்லர் மீது மரணம் விளைவித்த குற்றச்சாட்டு எழுந்தது. 1816இல் அவர் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

விரட்டப்பட்ட மக்கள் கடற்கரையோரத்துச் சிறு துண்டு நிலங்களிற் குடியேற்றப்பட்டனர். அக்கரையோரத்தில், புரோரா என்னும் இடத்தில், சீமாட்டியின் கணவரான ஸ்ராஃபோட் பிரபு 1819இல் வடிசாலையொன்றை நிறுவினார். கிளைனெலிஷ் என்ற பெயரால் அது அறியப்பட்டது. அதன் நோக்கங்களை அப்பண்ணையின் நிருவாகியான ஜேம்ஸ் லொக் தம் எழுத்தில் மறைக்கவில்லை: கரையோரக் குடியானவர் விளைக்கும் வாற்கோதுமைக்குச் சந்தையாதல், அவர்களைக் கள்ள வடிப்பிலிருந்து விலக்கல்.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குவோம். முன்னர் உழவன் தன் தானியத்தைத் தன் கலத்தில் வடித்துத் தானே விற்றான். இப்போது அவன் தானியத்தை நிலப்பிரபுவின் வடிசாலைக்கு விற்று, அக்காசை அதே பிரபுவுக்குக் குத்தகையாகக் கட்டினான். உற்பத்திக் கருவி அவன் கையைவிட்டு அகன்றது. தானியம் அதே தானியம், ஓடைநீர் அதே ஓடைநீர், கைத்திறனும் அவர்களுடையதே. மாறியது உடைமை உறவு ஒன்றே. மதுவரிச் சட்டமும் நிலப்பறிப்பும் இரு வேறு கதைகளல்ல; ஒரே கதையின் இரண்டு அதிகாரங்கள்.

அதன்பின் நடந்தவை எதிர்பார்க்கத் தக்கவையே. நிறுத்தாது தொடர்ந்து வடிக்கும் பொறிக்கு 1830இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் ஈனியஸ் கொஃபி. அவர் அயர்லாந்தின் மதுவரித் துறையில் உயர்பதவி வகித்தவர் என்பது வரலாற்றின் நகைச்சுவை. 1877இல் தாழ்நிலத்தின் ஆறு பெரிய தானிய வடிசாலைகள் ஒரே கம்பனியாக இணைந்தன. 1915இல், முதல் உலகப் போரின்போது, மதுவைக் குறிப்பிட்ட காலம் கிடங்கில் முதிரவைத்த பின்பே விற்கலாம் என்ற சட்டம் வந்தது. அக்காலம் மூன்று ஆண்டு என்பது 2009ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து விஸ்கி ஒழுங்குவிதிகளிலும் உறுதிப்படுத்தப்பட்டது. தரத்துக்கு இது தேவையாகலாம். ஆயின் மூன்று ஆண்டுக்கு ஒரு சதமும் வராமல் செலவு செய்யத் தக்கவன் யார் என்பதையும் அது தீர்மானித்து விடுகிறது. 1979ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமோ, 1,800 லீற்றருக்குக் குறைந்த வடிகலத்துக்கு அனுமதி மறுக்கும் அதிகாரத்தை வரி அதிகாரிகளுக்கு வழங்கியது. 1814ஆம் ஆண்டின் ஐந்நூறு கலனுக்கு இது எவ்வளவு அண்மையானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2009இல் இலண்டனிற் சிறு வடிசாலையொன்று நெடிய போராட்டத்தின் பின் அனுமதி பெற்றபோது அது பெருஞ் செய்தியாயிற்று. நூற்றாண்டுகள் கடந்தும் அளவுகோல் மாறவில்லை.

நமது கரையில்

மதுவிலிருந்து வருவாய் கறந்த அதே பிரித்தானிய ஆட்சி இலங்கையிலும் நிலவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு சாராயம் விற்கும் உரிமை மாவட்டந்தோறும் ஏலமிடப்பட்டது. ஏலத்தை வென்ற குத்தகைக்காரர் பெருஞ் செல்வம் குவித்துக் கோப்பியிலும் தெங்கிலும் காரீயத்திலும் முதலிட்டு இந்நாட்டின் முதலாளி வகுப்பாக வளர்ந்த வரலாற்றைக் குமாரி ஜயவர்தன தமது 2000ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மரமேறியவர்களும் கரையோரச் சிறு வடிகலக்காரரும் அவ்வளர்ச்சியின் அடித்தளமாயிருந்தனர். அதன் பயனோ அவர்களைச் சேரவில்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகை முறையின் இடத்தில் திணைக்கள நிருவாகத்தை அமைத்தது.

வடக்கிலோ இத்தொழில் சாதிக் கொடுமையோடும் பிணைந்திருந்தது. பனையேறிய கைகளின் உழைப்பை உறிஞ்சிக்கொண்டே அக்கைகளைத் தீண்டத்தகாதவை என்று கூறிய சமூகம் நமது சமூகம். பனையும் பருவகால மரம்; கள்ளோ ஒரு நாளிற் புளித்துவிடும் பண்டம். பருவத்தில் தவறணைக்கு மிஞ்சிய கள்ளைச் சீவல் தொழிலாளி என்ன செய்வது? வடிக்கலாம், ஆயின் அவன் தனியாக வடித்தால் அது குற்றம். ஸ்கொத்லாந்தின் மேட்டுநில உழவன் நின்ற அதே இடத்திலேயே அவனும் நின்றான்.

1972இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டமை இவ்வகையில் வரலாற்று முக்கியத்துவமுடைய நிகழ்ச்சியாகும். திக்கம் வடிசாலையின் பெயரை வடமராட்சியில் அறியாதார் இலர். தனியொருவன் தாண்ட முடியாத அளவுகோலைத் தொழிலாளர் கூட்டாகத் தாண்டலாம் என்ற உண்மையை அம்முயற்சி உணர்த்திற்று. ஸ்கொத்லாந்தின் உழவர் கண்டிராத வழி அது. கிளென்லிவெற் உழவருக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன: கள்ளமாக வடித்தல், அன்றிப் பிரபுவின் வடிசாலைக்குத் தானியம் விற்றல். கூட்டுறவு என்ற மூன்றாம் வழி நமது தொழிலாளர் வென்றெடுத்தது.

ஆதலால், கூட்டுறவு வடிசாலைகள் இலாபமற்றவை, அவற்றைத் தனியார் முதலுக்குக் கையளிப்பதே அறிவுடைமை என்ற குரல் எழும்போதெல்லாம் புரோராவின் கரையை நாம் நினைவு கொள்ளவேண்டும். அங்கும் மக்களின் நன்மைக்காகவே வடிசாலை நிறுவப்பட்டதாகச் சொல்லப்பட்டது. கலம் யாருடையது, திறப்பு யாருடைய கையில், அளவுகோலை வெட்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேளாது சட்டத்தையும் இலாபக் கணக்கையும் மட்டும் படிக்கும் மாணவன், நீதிமன்றச் செய்தியையும் வணிகப் பக்கத்தையும் என்றென்றும் வேறு வேறாகவே படித்துக் கொண்டிருப்பான்.